ஒத்ததோடு ஒத்ததைக் கூட்டு

சார்ல் யூஜின் டெலோனே என்ற பிரெஞ்சு வானியலாளர் 19-ஆம் நூற்றாண்டில் நிலாவின் பாதைக்கு ஒரு சூத்திரம் எழுத முனைந்தார். நிலாவைப் பூமி இழுக்கிறது, சூரியனும் இழுக்கிறது. இரண்டு இழுப்புக்கும் நடுவே அது ஒழுங்கான நீள்வட்டத்தில் போகாமல் விலகி விலகிப் போகிறது. அந்த விலகல்களை எழுத்துகளாலேயே எழுதிக்காட்ட வேண்டும், எண்களைக் கடைசியில்தான் இட வேண்டும் என்பது டெலோனேயின் பிடிவாதம். பாதை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதற்கு ஓர் எழுத்து, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதற்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்கினார். போட்டு முடிக்க 10 ஆண்டு, போட்டதைச் சரிபார்க்க இன்னொரு 10 ஆண்டு ஆனது. 1860-இலும் 1867-இலும் வெளிவந்த அதன் இரண்டு தொகுதிகளும் தலா 900 பக்கத்தை ஒட்டியவை.

அத்தனை பக்கத்திலும் அவர் திரும்பத் திரும்பச் செய்த வேலை ஒன்றுதான். நீளமான கோவைகளைப் பெருக்குவார். பெருக்கப் பெருக்க உறுப்புகள் பெருகும். அவற்றுள் ஒரே எழுத்துகள் ஒரே அடுக்கோடு வருகிறவற்றைத் தேடிப் பிடித்து, முன்னே நிற்கும் பின்னங்களைக் கூட்டி ஒன்றாக்குவார். நம் பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் ஒத்த உறுப்புகளைக் கூட்டுகிறார்களே, அதே வேலை!

1970-இல் அமெரிக்காவின் போயிங் நிறுவன ஆய்வுக்கூடத்தில் தெப்ரி, ஹென்றார், ரோம் என்ற மூவர் இந்தக் கணக்கை முழுவதுமாகக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். கணினிக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் பிடித்தது. டெலோனேயின் புத்தகத்தில் மூன்று பிழைகள் அகப்பட்டன. அவற்றில் இரண்டு, முதல் பிழையிலிருந்து தொடர்ந்து வந்தவை. அதாவது 20 ஆண்டு உழைப்பில் மனிதர் சறுக்கியது ஒரே இடத்தில். கையால் போட்ட கணக்குகளில் இதைவிட மேலான ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இவ்வளவு பெரிய வேலைக்கு அடிப்படையான விதி வகுப்பறையில் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. எழுத்துப் பகுதி ஒன்றாக இருந்தால் முன்னே நிற்கும் எண்களான கெழுக்களைக் கூட்டு, இல்லாவிட்டால் தொடாதே. மனப்பாடம் செய்ய எளிது. ஆனால் ஏன் அப்படி என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்களிடம் பதில் இருக்காது. அந்த ஏன்தான் இயற்கணிதத்தின் வாசல் என்று நான் நம்புகிறேன்.

பள்ளியில் எக்ஸ், ஒய் என்று எழுதுவதை இங்கே க, ப என்று எழுதிக்கொள்வோம். 3க + 5க என்ற கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். க உயரமும் 3 அகலமும் உள்ள ஒரு செவ்வகத்தை வரையுங்கள். பக்கத்திலேயே க உயரமும் 5 அகலமும் உள்ள இன்னொன்றை ஒட்டி வரையுங்கள். உயரம் ஒன்றாக இருப்பதால் இரண்டும் பிசிறில்லாமல் ஒட்டி, 8 அகலமுள்ள ஒரே செவ்வகமாகிவிடும். 3க + 5க = 8க. யூக்ளிடின் வடிவியல் நூலில் இரண்டாம் பாகத்தின் முதல் தேற்றமே இந்தப் படம்தான். பாடநூல் இதைப் பங்கீட்டுப் பண்பு என்று சொல்கிறது. இப்போது 3க + 5ப என்பதற்கு இதே படத்தை வரைந்து பாருங்கள். ஒன்றின் உயரம் க, மற்றதன் உயரம் ப. பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம், ஒரே செவ்வகமாகச் சேர முடியாது. வேறு தடை எதுவும் இல்லை.

3க² உடன் 5க சேராததற்கும் காரணம் இதுவே. எழுத்து ஒன்றுதான், ஆனால் ஒன்றின் உயரம் க², மற்றதன் உயரம் க. இதே போல கப² என்பதும் க²ப என்பதும் வேறுவேறு. கப என்பதும் பக என்பதும் ஒன்று, ஏனென்றால் பெருக்கலில் முன்பின் மாறினால் மதிப்பு மாறாது.

உண்மையில் இந்த விதியை நாம் இரண்டாம் வகுப்பிலிருந்தே கடைப்பிடித்து வருகிறோம். 247-உம் 321-உம் கூட்டச் சொன்னால் நூறை நூறோடும், பத்தைப் பத்தோடும், ஒன்றை ஒன்றோடும் கூட்டுகிறோம். 247 என்பது 2 × 10² + 4 × 10 + 7. அந்தப் 10 இருக்கும் இடத்தில் க என்று எழுதிவிட்டால் 2க² + 4க + 7 கிடைக்கும். அதனோடு 3க² + 2க + 1 கூட்டினால் 5க² + 6க + 8. எண்ணில் 568. இரண்டும் ஒரே கணக்கு.

ஒரு வித்தியாசம் உண்டு, அழகான வித்தியாசம். எண்களைக் கூட்டும்போது பத்தாமிடத்தில் 12 வந்தால் 2 எழுதி, மீதி 1-ஐ நூறாமிடத்துக்குக் கொண்டுபோகிறோம். பத்துப் பத்துகள் சேர்ந்தால் ஒரு நூறு என்று தெரிந்திருப்பதால் அது முடிகிறது. இயற்கணிதத்தில் 12க வந்தால் அப்படியே விட்டுவிடுகிறோம். எத்தனை க சேர்ந்தால் ஒரு க² ஆகும்? க எத்தனையோ, அத்தனை. க-வின் மதிப்பு தெரியாதவரை மீதி கொண்டுபோக வழியில்லை. மாறி என்றால் என்ன என்று ஒரு மாணவருக்கு உணர்த்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பாடநூல்கள் இதில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

அதற்குப் பதிலாக வகுப்பறைக்குள் பழக்கூடை வந்துவிடுகிறது. 3 ஆப்பிளும் 2 வாழைப்பழமும் சேர்த்தால் 5 ஆப்பிள்வாழை ஆகுமா, ஆகாதல்லவா, அதனால் 3க + 2ப-வையும் சேர்க்க முடியாது என்று சொல்லிக்கொடுக்கிறோம். சொல்ல எளிது, பிள்ளைகளும் உடனே தலையாட்டுவார்கள். ஆனால் இதில் ஒரு கெடுதல் ஒளிந்திருக்கிறது. க என்பது ஆப்பிள் என்ற பொருளாகிவிடுகிறது. க என்பது ஓர் எண், எத்தனை என்று இன்னும் தெரியாத எண். ஆப்பிளை வாழைப்பழத்தால் பெருக்க முடியாது, க-வை ப-வால் பெருக்கலாம். அடுத்த பாடத்தில் கப என்றும் க² என்றும் வரும்போது பழக்கூடையை நம்பிய பிள்ளை எதைக் கற்பனை செய்யும்?

இங்கிலாந்தில் 1970-களில் பள்ளி மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில் டீட்மார் கூகெமான் இந்தக் குழப்பத்தை விரிவாகப் பதிவு செய்தார். எழுத்தை எண்ணாகப் பார்க்காமல் ஒரு பொருளாகவோ பொருளின் பெயர்ச்சுருக்கமாகவோ பார்க்கும் மாணவர்கள் எளிய கணக்குகளில் தப்பித்துவிடுகிறார்கள், கொஞ்சம் கடினமானது வந்ததும் வழுக்கி விழுகிறார்கள் என்பது அவர் கண்டது.

இந்தக் குழப்பம் கல்லூரி வரைக்கும் கூடவே வருகிறது. அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட் முதலானோர் பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு கேள்வி கொடுத்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுதுக. மாணவர் எண்ணிக்கை மா, பேராசிரியர் எண்ணிக்கை பே என்றால் மா = 6பே என்பதே சரி. மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் தவறாக எழுதினார்கள். பெரும்பாலோர் எழுதியது 6மா = பே. ‘ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர்’ என்று அவர்கள் மனம் படித்துவிட்டது. மா என்பது அவர்களுக்கு மாணவரின் எண்ணிக்கையாக இல்லை, மாணவராகவே இருந்தது. பழக்கூடையில் தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது.

இன்னொரு தவறும் எல்லா வகுப்பிலும் உண்டு. 3க + 4 என்று வந்தால் 7க என்று எழுதிவிடுவது. இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது நியாயமில்லை. ஐந்தாறு ஆண்டுகளாக அந்தப் பிள்ளைக்குக் கூட்டல் குறி என்றால் ஒரு கட்டளை. 3 + 4 என்றால் 7 என்று முடித்தாக வேண்டும், முடிக்காவிட்டால் விடை இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. திடீரென்று ஒரு நாள், 3க + 4 என்பதே விடை, கூட்டல் குறியை அப்படியே விட்டுவிடு என்கிறோம். இடையில் குறியோடு நிற்கும் ஒன்றை முடிந்த விடையாக ஏற்றுக்கொள்ளப் பிள்ளைகள் படும் சிரமத்தை ஆஸ்திரேலியக் கல்வியாளர் கெவின் காலிஸ் 1970-களிலேயே ஆராய்ந்து எழுதினார். அது ஒரு மனத்தடை. அதைத் தாண்டக் கொஞ்சம் காலமும் நிறையப் பொறுமையும் வேண்டும்.

நம் நாட்டுப் பழைய கணித நூல்கள் இந்த இடத்தில் ஒரு வழி வைத்திருந்தன. பிரம்மகுப்தர் 628-இல், தம் 30-ஆம் வயதில், இன்றைய ராஜஸ்தானின் பீன்மாலில் இருந்து எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தின் 18-ஆம் அத்தியாயத்தில் இந்த விதி வருகிறது. தெரியாத எண், அதன் வர்க்கம், கனம், அதற்கு மேற்பட்ட அடுக்குகள் ஆகியவற்றில் ஒத்தவற்றையே கூட்டவும் கழிக்கவும் வேண்டும், ஒவ்வாதவற்றைத் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. 1150-ஐ ஒட்டி பீஜகணிதம் எழுதிய பாஸ்கராச்சாரியார் இதையே விரிவாக்கினார். தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயர்கள். முதலாவது மட்டும் நிறமல்ல, யாவத்தாவத்; அடுத்தது காலக என்ற கருப்பு, பிறகு நீலக என்ற நீலம், பீதக என்ற மஞ்சள், லோஹித என்ற சிவப்பு. எழுதும்போது முதலெழுத்து போதும், யா, கா, நீ என்று.

என்னை மிகவும் கவர்ந்தது அவர்கள் மாறிலியை எழுதிய விதம். எழுத்தில்லாத வெற்று எண்ணுக்கும் முன்னால் ரூபம் என்பதன் சுருக்கமாக ரூ என்று போட்டார்கள். நம்முடைய 3க + 4 அவர்கள் ஏட்டில் யா 3 ரூ 4. இரண்டுக்கும் அடையாளம் இருக்கிறது, ஒன்று யா, மற்றது ரூ. 3-ஐயும் 4-ஐயும் கூட்டிவிட யாருக்கும் கை வராது. இன்றைய குறியீட்டில் 4 எதுவும் ஒட்டாமல் நிற்கிறது. அதனால்தான் ‘இது எதனோடும் சேரும்’ என்று பிள்ளைக்குத் தோன்றுகிறது. தொடக்க நிலையில் சில வாரங்களுக்காவது மாறிலிக்கும் ஓர் அடையாளம் கொடுத்துப் பழக்கலாமே என்று கணித ஆசிரியர்களைக் கேட்கத் தோன்றுகிறது.

பாக்தாதில் 820-ஐ ஒட்டிக் கணித அறிஞர் அல் குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூல் வேறு வகை. அதில் குறியீடே கிடையாது, எல்லாம் உரைநடை. அவர் போட்ட கணக்குகளில் ஒன்று: 10-ஐ இரண்டு பகுதிகளாகப் பிரிக்கிறேன். ஒரு பகுதியை அதனாலேயே பெருக்கினால் வருவது, இரண்டு பகுதிகளையும் தம்முள் பெருக்கினால் வருவதைப் போல நான்கு மடங்கு. ஒரு பகுதியை க என்றால் மற்றது 10 − க. அப்படியானால் க² = 40க − 4க². வலப்பக்கம் குறைந்து நிற்கும் 4க²-ஐ இரு பக்கமும் சேர்த்து ஈடுகட்டுகிறார். இடப்பக்கம் ஒரு க²-உம் நான்கு க²-உம் ஒத்த உறுப்புகள், சேர்ந்து 5க². ஆக 5க² = 40க. க = 8, மற்றொரு பகுதி 2. சரிபார்த்தால் 64, 16-இன் நான்கு மடங்கு. ஒத்ததை ஒத்ததோடு சேர்க்கும் அந்த ஒரு படி இல்லாவிட்டால் இந்தக் கணக்கு நகர்ந்திருக்காது. அவர் நூலில் ஒரு பெரும்பகுதி வாரிசுகளுக்குச் சொத்துப் பிரிக்கும் கணக்குகள். ஊரில் தேவைப்பட்ட கணிதம் அது.

டெலோனேக்குப் பிறகு இந்த வேலை மெல்ல மெல்ல மனிதக் கையை விட்டு நகர்ந்தது. டச்சு இயற்பியலாளர் மார்ட்டினுஸ் வெல்ட்மன் 1963-இல் அடிப்படைத் துகள்களைப் பற்றிய கணக்கு ஒன்றில் இறங்கினார். இடையில் ஒரு கட்டத்தில் கோவை ஏறத்தாழ 50,000 உறுப்புகளாக வீங்கியது. கையால் ஆகாது என்று தெரிந்ததும் ஸ்கூன்ஸ்கிப் என்ற கணினி நிரலை எழுதினார். ஐபிஎம் 7094 கணினியில் ஓடிய அந்த நிரல் எழுத்துகளைக் கொண்டே கணக்குப் போட்டது. வெல்ட்மன் பின்னர் 1999-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் வழியில் யோஸ் வெர்மசெரன் 1989-இல் வெளியிட்ட ஃபார்ம் என்ற நிரலை இன்றும் துகள் இயற்பியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

50,000 உறுப்புகளில் எது எதோடு ஒத்தது என்று கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் நூறு கோடிக்கும் மேல் ஒப்பீடுகள் ஆகும். அதனால் முதலில் ஒவ்வோர் உறுப்பிலும் எழுத்துகளை ஒரே முறையில் அடுக்குகிறது. பக என்று வந்தாலும் கப என்றே எழுதிக்கொள்ளும். பிறகு எல்லா உறுப்புகளையும் அகராதிச் சொற்களைப் போல வரிசைப்படுத்துகிறது. வரிசைப்படுத்தினால் ஒத்தவை தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். அப்புறம் பக்கத்திலிருப்பவற்றின் கெழுக்களைக் கூட்டினால் போதும். 7-உம் −7-உம் சந்தித்தால் அந்த உறுப்பே மறைந்துவிடும். பல்லாயிரம் உறுப்புகளில் தொடங்கிய கணக்கு சில வரிகளில் முடிவது இப்படித்தான். நீளமான கோவையைக் கண்டு மிரளும் மாணவருக்கும் இதே முறையைச் சொல்லலாம். முதலில் அடுக்கு, பிறகு கூட்டு.

பிள்ளைக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 3க + 2ப = 5கப என்று உங்கள் பிள்ளை எழுதினால் தவறு என்று அடித்துவிடாதீர்கள். எழுத்துக்குப் பதில் எண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் எந்த எண் என்பதில் கவனம் வேண்டும். இரண்டுக்கும் 1 வைத்தால் இடப்பக்கம் 5, வலப்பக்கமும் 5, தவறு சரியென்று தப்பிவிடும். 2-ஐயும் நம்ப முடியாது, 2 + 2, 2 × 2, 2² மூன்றும் 4 தான். க-வுக்கு 7, ப-வுக்கு 10 வைக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் 41 வரும், வலப்பக்கம் 350 வரும். க என்பது ஓர் எண் என்று அந்தப் பிள்ளை தானே கண்டுகொள்ளும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.