பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர்

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி. இன்று அந்தப் பக்கமெல்லாம் புதுப்புது வீடுகள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளை நம்பிப் பல மாவட்டத்துக்காரர்கள் வந்து குடியேறியிருக்கிறார்கள்.

அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாது. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. புது ஊரில் இதுதான் பெரிய கஷ்டம்.

இத்தகைய இடங்களில் கிறிஸ்தவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். வேதம் வாசிப்பார்கள், ஜெபிப்பார்கள். இதற்கு வீட்டு ஜெபக்கூட்டம் என்று பெயர். கத்தோலிக்கர்கள் பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்களைச் சேர்த்து அமைப்பது "அன்பியம்". எவ்வளவு நல்ல தமிழ்ப் பெயர்!

இந்தச் சிறு கூட்டத்தை நடத்துகிறவர் பெரும்பாலும் பாதிரியார் அல்ல. ஆலைத் தொழிலாளியாக இருப்பார். பள்ளி ஆசிரியையாக இருப்பார். அவருடைய வேலை என்ன? பிரசங்கம் செய்வதா?

கடனில் பிறந்த யோசனை

இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்று ஒரு நகரம். அங்கே ஜான் வெஸ்லி என்ற போதகர் ஜெபக்கூடம் கட்டினார். கடன் ஏறிவிட்டது. 1742 பிப்ரவரியில் சபையார் கூடி யோசித்தார்கள்.

ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுத்தால் கடன் தீரும் என்றார் ஒருவர். பென்னி என்பது அந்த ஊர்ச் சில்லறைக் காசு. அதைக்கூடக் கொடுக்க முடியாத ஏழைகள் இருக்கிறார்களே என்றார் இன்னொருவர்.

முதலில் பேசியவர் கேப்டன் ஃபாய். அவர் சளைக்கவில்லை. மிகவும் ஏழைகளான பதினொரு பேரைத் தம்மிடம் ஒப்படைக்கச் சொன்னார். வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்குப் போவாராம். கொடுத்தால் வாங்கிக்கொள்வாராம். இல்லாவிட்டால் அவர்களுக்காகவும் தாமே கட்டிவிடுவாராம்!

மற்றவர்களும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். காசு வாங்கத்தான் வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் வேறு விஷயங்கள் தெரிந்தன. ஒரு வீட்டில் சண்டை, இன்னொரு வீட்டில் குடி. கோவிலில் பார்த்தபோது தெரியாதது, வாசற்படியில் தெரிந்தது.

வெஸ்லி இதைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு பேருக்கு ஒரு "வகுப்பு", அதற்கு ஒரு தலைவர் என்று ஏற்பாடு செய்தார். மெதடிஸ்டு சபை போன இடமெல்லாம் வகுப்பும் போயிற்று.

1814-ல் அந்தச் சபையார் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களை அழைத்து வந்த தாமஸ் கோக் நடுக்கடலிலேயே இறந்துபோனார். மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துவிட்டு, 1817-ல் சென்னைக்கு வந்தார். ராயப்பேட்டையில் அவர்கள் கோவில் எழும்பியது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது தென்னாட்டில் இருந்த இந்தச் சபையும் அதில் சேர்ந்தது.

வராதவர் யார்?

ஆகவே, தலைவருக்குப் பேச்சுத் திறமை இரண்டாம்பட்சம். வந்தவர்களை எண்ணுவதை விட, வராதவர் யார் என்று பார்ப்பதே முக்கியம். மறுநாளே போய் விசாரிக்க வேண்டும். இரவு ஷிப்டு முடித்துத் தூங்குகிறவர் வீட்டுக் கதவைக் காலையில் தட்டக் கூடாது. அதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

சில தலைவர்கள் ஒரு மணி நேரமும் தாமே பேசுவார்கள். கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும்! வேதப் பகுதியை வாசித்துவிட்டுச் சற்று மௌனமாக இருந்தால் போதும். பேசாத பாட்டியும் பேசுவார்.

பாட்டி பேசியது அந்த வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். மருமகளைப் பற்றி அழுதுகொண்டே சொன்னது மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பேச்சானால், அடுத்த வாரம் அவர் வரமாட்டார். தலைவர் எத்தனை முறை போய்க் கூப்பிட்டாலும் வரமாட்டார்.