வெளியே மைனஸ் டிகிரி, வீட்டில் பாய்லர் அவுட், ஊரே லாக்டவுன்: 2021-ல் பிரிட்டனில் பிளம்பரை உள்ளே விட முடிந்ததா?

ஸ்காட்லாந்தின் பிரேமர் கிராமத்தில் 2021 பிப்ரவரி 11-ம் தேதி பதிவான வெப்பநிலை மைனஸ் 23 டிகிரி செல்சியஸ். 1995-க்குப் பிறகு அதுவரை பிரிட்டன் இவ்வளவு குளிரைப் பார்த்ததில்லை. நாடு அப்போது லாக்டவுனிலும் இருந்தது. வேலை, படிப்பு, சமையல், தூக்கம் எல்லாமே வீட்டுக்குள்தான். அந்த நேரம் பார்த்து வீட்டு ஹீட்டிங் நின்றுபோனால்?

'போன் போட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதானே' எனத் தோன்றலாம். ஆனால், சில விலக்குகள் தவிர, ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக்குள் போகக் கூடாது என்பதுதான் அப்போதைய லாக்டவுனின் அடிப்படை விதியாக இருந்தது. தனியாகப் பிரிந்து வாழும் மகனோ மகளோகூட அம்மாவைப் பார்க்க உள்ளே வர முடியாத நிலை இருந்தது. அப்படியிருக்க, முன்பின் தெரியாத ஒருவர் டூல் பாக்ஸோடு வந்து கிச்சனில் இரண்டு மணி நேரம் நிற்கலாமா?

நிற்கலாம் என்றது சட்டம். சிக்கல் அதன் பிறகுதான் ஆரம்பித்தது.

பாய்லர் நின்றால் ஏன் இவ்ளோ பதற்றம்?

நம் ஊரில் பாய்லர் என்றதும் டீக்கடை நினைவுக்கு வரும். பிரிட்டனில் அது வீட்டின் இதயம் மாதிரி. அங்கே சுமார் 85 சதவீத வீடுகள் குழாய்வழி வரும் கேஸைத்தான் ஹீட்டிங்குக்கு நம்பியிருக்கின்றன. பெரும்பாலும் கிச்சன் சுவரில் மாட்டியிருக்கும் பாய்லர், கேஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்குகிறது. அந்தச் சூடான தண்ணீர் ஒவ்வொரு அறையிலும் இருக்கும் ரேடியேட்டர்களுக்குள் ஓடி, அறையைச் சூடாக வைத்திருக்கிறது. 'காம்பி' வகை பாய்லராக இருந்தால், குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வெந்நீர் தருவதும் அதேதான். அது நின்றால் இரண்டும் போச்சு.

இதைச் சாதாரண பிளம்பர் தொட முடியாது. 'கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்' என்ற அதிகாரபூர்வப் பட்டியலில் பெயர் இருப்பவர் மட்டுமே கேஸ் வேலை செய்யலாம். அவர்களை அங்கே 'கேஸ் இன்ஜினீயர்' என்பார்கள். இன்ஜினீயர் என்றதும் பி.இ. டிகிரியை நினைக்க வேண்டாம், நம்ம ஊர் மெக்கானிக் மாதிரிதான். ஆனால், அந்தப் பட்டியலில் பெயர் இல்லாமல் அவர் கேஸ் வேலை செய்தால் அது சட்டவிரோதம்.

சட்டம் என்ன சொன்னது?

2020 மார்ச் 23-ம் தேதி முதல் லாக்டவுனை அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் அறிவித்தபோது, 'வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைக்கு மட்டும் வெளியே போகலாம்' என்றார். எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர் எல்லோருக்கும் ஒரே குழப்பம். அறிகுறி இல்லாதவர்கள், 2 மீட்டர் இடைவெளியோடு, பிறர் வீடுகளில் வேலை செய்யலாம் என்று பிறகு இங்கிலாந்து அரசு விளக்கம் தந்தது. 2021 ஜனவரியில் தொடங்கிய மூன்றாவது லாக்டவுனிலும் இதே நிலைதான் இருந்தது.

ஸ்காட்லாந்து இன்னும் கறாராக இருந்தது. 2021 ஜனவரி 16 முதல், வீட்டின் பராமரிப்புக்கும் இயக்கத்துக்கும் அத்தியாவசியமான வேலைக்கு மட்டுமே ஆட்கள் உள்ளே வர முடிந்தது. பாய்லர் ரிப்பேர் ஓகே. அழகுக்காக கிச்சனை மாற்றுவது நோ.

வீட்டில் யாருக்காவது கோவிட் அறிகுறி இருந்தாலோ, தனிமைப்படுத்தலில் இருந்தாலோ? அப்போதைய இங்கிலாந்து வழிகாட்டுதல்படி அந்த வீட்டுக்குள் வேலைக்குப் போகக் கூடாது என்றிருந்தது. வீட்டில் இருப்பவர்களின் பாதுகாப்புக்கே நேரடி ஆபத்து என்றால் மட்டும் விலக்கு இருந்தது. அவசர பிளம்பிங் வேலை இதில் வந்தது.

ஆனால் எது 'அவசரம்'? 25 வயதுக்காரருக்கு மூன்று நாள் ஹீட்டிங் இல்லாவிட்டால் இரண்டு ஸ்வெட்டர் போதும். 80 வயதுப் பாட்டிக்கு ஒரே இரவு ஆபத்தாகலாம். இதற்கு மணி நேரக் கணக்கில் எந்த வரையறையும் இருக்கவில்லை. கடைசியில் முடிவெடுத்தது வீட்டுக்காரரும் வாசலில் நின்ற தொழிலாளியும்தான்.

உள்ளே வந்த பிறகு என்ன நடக்க வேண்டியிருந்தது?

2020 மே மாதம் வெளியான அரசு வழிகாட்டுதலின் முக்கிய அம்சங்கள் இவை:

- வருவதற்கு முன்பே போனில் பேசி, யாருக்காவது அறிகுறி உண்டா எனக் கேட்க வேண்டும்.
- கைப்பிடிகளைத் தொடாமல் இருக்க, உள்கதவுகளை வீட்டுக்காரரே முன்கூட்டித் திறந்துவைக்க வேண்டும்.
- வேலை நடக்கும் அறையிலிருந்து குடும்பத்தினர் விலகி இருக்க வேண்டும்.
- இரண்டு பேர் தேவைப்படும் வேலை என்றால், எப்போதும் அதே ஜோடி சேர்ந்து போக வேண்டும்.
- சாப்பாடு, டீ எல்லாம் தொழிலாளியே கொண்டுவர வேண்டும். முடிந்தால் வெளியே நின்று சாப்பிட வேண்டும்.

கடைசி விதி நமக்குச் சின்னதாகத் தெரியலாம். வேலைக்கு வந்தவருக்கு ஒரு கப் டீ கொடுப்பது பிரிட்டனில் எழுதப்படாத மரியாதை. கொரோனா அப்போது அதையும் நிறுத்திவைத்தது.

இன்னொரு முரணும் இருந்தது. காற்றோட்டம் முக்கியம், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார்கள் நிபுணர்கள். ஏற்கெனவே ஹீட்டிங் இல்லாத வீடு, வெளியே பனி. அதில் ஜன்னலையும் திறக்க வேண்டியிருந்தது!

வாசலில் நிற்பவரின் கணக்கு

வீட்டுக்காரருக்கு ஒரு அந்நியர் வருகிறார் என்ற பயம். அந்த அந்நியருக்கோ ஒரே நாளில் நான்கைந்து வீடுகள். ஒவ்வொன்றும் அவருக்கு அந்நிய வீடு. மாலையில் அவரும் தன் குடும்பத்திடம்தான் திரும்ப வேண்டும்.

'பயமாக இருந்தால் லீவு போடலாமே' என்றால், அங்கேதான் பணப் பிரச்சினை வந்தது. இந்தத் தொழிலில் சுயதொழில் செய்பவர்கள் ஏராளம். சம்பளக்காரருக்குக் கிடைக்கும் சட்டப்பூர்வ நோய்விடுப்பு ஊதியம் சுயதொழில் செய்பவருக்குக் கிடையாது. அவர்களுக்காகத் தனி உதவித்தொகைத் திட்டத்தை அரசு 2020 மார்ச் 26-ல் அறிவித்தது. முதல் தவணையில், சராசரி லாபத்தில் 80 சதவீதம், மூன்று மாதங்களுக்குச் சேர்த்து அதிகபட்சம் 7,500 பவுண்டு. ஆனால், 2018-19 நிதியாண்டுக்கு வரிக்கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு தொழில் தொடங்கியவர்களுக்கு 2021 பிப்ரவரி வரை இடம் கிடைக்கவில்லை. சொந்தமாகச் சின்ன கம்பெனி பதிவு செய்து டிவிடெண்ட் மூலம் வருமானம் எடுப்பவர்களும் இதில் வரவில்லை.

'தொற்றாளரோடு தொடர்பில் இருந்தீர்கள்' என அரசின் டிரேஸிங் குழு சொல்லிவிட்டால் அப்போது 10 நாள் வீட்டில் அடைபட வேண்டியிருந்தது. மீறினால் அபராதம் 1,000 பவுண்டிலிருந்து தொடங்கியது. அந்த நாட்களுக்கான 500 பவுண்டு உதவியோ குறைந்த வருமானக்காரர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. ஆக, ஒரு வீட்டுக்காரர் அறிகுறியை மறைத்தால், தொழிலாளிக்கு உடம்போடு பத்து நாள் பிழைப்பும் போகும் நிலை இருந்தது.

சரி, தள்ளிப்போட்டால் என்ன?

அப்போது பலரும் எடுத்த முடிவு இதுதான்: 'வருடாந்திர சர்வீஸ்தானே, கொரோனா முடியட்டும்'. இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு.

ஒன்று, குளிர். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. குளிர்ந்த வீடு முதியவர்களுக்கும் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து. கொரோனாவுக்கு பயந்து யாரையும் உள்ளே விடாமல் இருந்தவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான்.

இரண்டு, கார்பன் மோனாக்சைடு. பாய்லரில் கேஸ் சரியாக எரியாவிட்டால் வரும் விஷவாயு. நிறம் இல்லை, வாசனை இல்லை. தலைவலி, குமட்டல், சோர்வு என ஃப்ளூ மாதிரியே அறிகுறிகள் இருக்கும், காய்ச்சல் மட்டும் இருக்காது. நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும்போது அதைச் சுவாசிக்கும் நேரமும் கூடுகிறது. அதற்கான அலாரம், இங்கிலாந்து வாடகை வீடுகளில் கேஸ் பாய்லருக்கு 2021-ல் கட்டாயமாக இருக்கவில்லை. வீட்டில் அது இல்லாவிட்டால் நீங்களே ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

வாடகை வீட்டில் இருக்கிறீர்களா?

படிப்புக்கோ வேலைக்கோ லண்டன் போய் வாடகை வீட்டில் இருக்கும் தமிழர்கள் கவனிக்க வேண்டியது இது. இங்கிலாந்தில் ஹீட்டிங், வெந்நீர் வசதிகளைச் சரியாக வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் பாதுகாப்புப் பரிசோதனையும் கட்டாயம். லாக்டவுன் இந்தக் கடமையை ரத்து செய்யவில்லை.

ஏதேனும் காரணத்தால் ஆளை உள்ளே விட முடியாவிட்டால், அதை எழுத்தில் தெரிவியுங்கள். முயற்சி செய்ததற்கான ஆதாரத்தை உரிமையாளர் வைத்திருக்க வேண்டும். பரிசோதனையைக் கெடு தேதிக்கு இரண்டு மாதம் முன்பே செய்யவும் விதி அனுமதிக்கிறது, அடுத்த ஆண்டின் தேதி மாறாது. 'கொரோனா, அதனால் ரிப்பேர் கிடையாது' என்ற பதிலை மட்டும் அப்போதும் ஏற்க வேண்டியிருக்கவில்லை.

ஆளைக் கூப்பிடும் முன்...

- பாய்லரின் பிரஷர் மீட்டரைப் பாருங்கள். பொதுவாக 1 முதல் 1.5 பாருக்குள் இருக்க வேண்டும். குறைந்திருந்தால், மேனுவலைப் பார்த்து நீங்களே ஏற்றலாம்.
- கடும் குளிரில், பாய்லரிலிருந்து வெளியே போகும் பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய் உறைந்து பாய்லர் நின்றுவிடும். வெளியே உறைந்த இடத்தில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, ரீசெட் செய்து பாருங்கள். கொதிநீர் வேண்டாம்.
- திரையில் தெரியும் எரர் கோடைப் போட்டோ எடுத்து முன்கூட்டியே அனுப்புங்கள். சரியான உதிரிபாகத்தோடு வந்தால் ஒரே விசிட்டில் வேலை முடியும்.
- கேஸ் வாசனை வந்தாலோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ யோசிக்கவே வேண்டாம். வீட்டைவிட்டு வெளியேறி 0800 111 999 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.
- பாய்லர் மூடியை நீங்களே திறக்காதீர்கள்.

லாக்டவுனைத் தளர்த்தும் திட்டத்தை 2021 பிப்ரவரி 22-ம் தேதி அறிவிப்பதாக ஜான்சன் சொல்லியிருந்தார். எது தளர்ந்தாலும், குளிர் இன்னும் சில வாரங்கள் இருக்கும் என்ற நிலை. அதுவரை கதவைத் திறக்கும் முன் இரண்டு பக்கமும் கேட்க வேண்டியிருந்த கேள்வி ஒன்றுதான்: 'உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?' அதற்கு உண்மையான பதிலைச் சொல்வதுதான் அப்போதைக்கு முக்கியமான பாதுகாப்பாக இருந்தது.