முப்பந்தயமும் ஒரு குவளை நீரும்

நீந்துகிறவர் வலியவரா, சைக்கிள் மிதிப்பவர் வலியவரா, ஓடுகிறவர் வலியவரா? மாணவ நேயர்களே, இவ்வழக்கைத் தீர்க்கவே 1978 பிப்ரவரி 18-ஆம் நாள் ஹவாயின் ஓவாஹூத் தீவில் 15 பேர் கடலில் இறங்கினர். ஜான் காலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரியின் யோசனை அது. நீச்சல் 3.8 கிலோமீட்டர், சைக்கிள் 180, அதன்பின் ஓட்டம் 42 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எங்கள் கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு இருமுறை போய்வருவது ஏறக்குறைய அந்தச் சைக்கிள் தூரம். பயிற்சிக்காக நான் அதை மிதிப்பதுண்டு.

ஓட்டம் தொடங்கியபோது முந்தி நின்றவர் ஜான் டன்பார். வழியில் அவருடைய துணைவர்களிடம் குடிநீர் தீர்ந்தது, பீரை நீட்டினார்கள்! அவர் பின்தங்க, கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் வென்றார். முடித்தவர் 12 பேரே.

தசையிலும் ஈரலிலும் உடல் சேமித்துள்ள சர்க்கரைச்சத்து, இடைவிடாத கடும் உழைப்பில் ஓரிரு மணி நேரத்திலேயே பெரிதும் கரைந்துவிடும். வியர்வையில் நீரோடு உப்பும் கழிகிறது. அதற்காக வெறுந்தண்ணீரை அளவின்றிக் குடித்தால், இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து உயிருக்கே ஊறு நேரலாம். ஓடும்போது வயிறு எளிதில் உணவை ஏற்காது. ஆகையால் சைக்கிளின்மேல் இருக்கும்போதே உண்டுகொள்ளுதல் நலம். என் பையில் வாழைப்பழமும் வெல்லமும் இருக்கும்; குப்பியில் உப்பிட்ட எலுமிச்சைச் சாறு.