வாளிக்குள் உறையும் விளக்கு

பின்லாந்தில் டிசம்பர் மாதம் வீட்டு வாசலில் வைக்கும் பனிக்கட்டி விளக்குக்கு அச்சு, உளி எதுவும் தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளி, குழாய்த் தண்ணீர், மைனஸ் 10 டிகிரிக்கு இறங்கும் ஓர் இரவு, இவ்வளவு போதும். மாலையில் பிள்ளைகள் வாளியை நிரப்பி வெளியே பனிமேல் வைத்துவிட்டு வருகிறார்கள். காலையில் வாளியின் வெளிப்புறத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கவிழ்த்தால் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இப்போது மேலே இருப்பது வாளியின் அடிப்பக்கத்தில் உறைந்த மெல்லிய தகடு. அதைத் தட்டி உடைத்தால் உள்ளே இன்னும் தண்ணீராகவே இருப்பது கொட்டிவிடும். மிச்சம் ஒரு கண்ணாடிக் குடுவை. நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஊரில் இதற்கு அவசியமும் உண்டு. டிசம்பர் 21ஆம் தேதி வாக்கில் ஹெல்சிங்கியில் பகல் ஆறு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. வடகோடியிலுள்ள உட்ஸ்யோக்கியில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி எட்டிப்பார்க்கும்.

ஆனால் குடைந்தவர் யாருமில்லாமல் நடுவில் குழி எப்படி வந்தது?

குளிர் வெளியிலிருந்து வருகிறது, அதனால் ஓரம் முதலில் உறைகிறது என்று சொல்லிவிடலாம். தவறில்லை, ஆனால் பாதி விடைதான். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் உறையும்போது வரும் வெப்பம், இன்னொரு லிட்டர் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கப் போதும். இந்த வெப்பம் வெளியே போனால்தான் அடுத்த அடுக்கு உறையும். போகும் வழியோ, ஏற்கெனவே உறைந்துவிட்ட சுவர். சுவர் தடிக்கத் தடிக்க வெப்பம் வெளியேறுவது மந்தமாகிறது. தன் வளர்ச்சிக்குப் பனிக்கட்டி தானே முட்டுக்கட்டை போட்டுக்கொள்கிறது.

வியன்னாவில் பேராசிரியராக இருந்த யோசெப் ஸ்டெஃபான் 1890 வாக்கில் இதைக் கணக்காக எழுதினார். அவர் மனதில் இருந்தது வாளி அல்ல, வடதுருவக் கடல். துருவப் பயணிகள் அளந்துகொண்டுவந்த பனிப்பாள எண்களை வைத்துக்கொண்டு, தடிமன் நேரத்தின் வர்க்கமூலத்தைப் போல வளர்கிறது என்று காட்டினார். அதாவது இரு மடங்கு தடிமனுக்கு நான்கு மடங்கு நேரம், மூன்று மடங்குக்கு ஒன்பது மடங்கு. வட்டமான வாளிக்கு இது அப்படியே பொருந்தாது என்றாலும் போக்கு இதுதான். சுவர் விறுவிறுவென்று எழும்பிவிட்டுப் பிறகு தயங்குகிறது. அந்தத் தயக்கம்தான் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அவகாசம்.

அடித்தகடு ஏன் மெல்லியது? தண்ணீர் மிகவும் கனமாக இருப்பது 4 டிகிரியில். அதைவிடக் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே ஏறிவிடுவதால் மேற்பரப்பு முந்திக்கொண்டு உறைகிறது. கீழே வாளி உட்கார்ந்திருப்பதோ பனிமேல். புதுப்பனியில் பெரும்பகுதி காற்று என்பதால் அது நல்ல வெப்பத்தடுப்பு. ஆகவே மேலே தடித்த தட்டு, கீழே மெல்லிய தகடு. கவிழ்த்துவிட்டால் தட்டு விளக்கின் அடியாகிவிடுகிறது. எவரோ யோசித்து வடிவமைத்தது போலிருக்கிறது, இல்லை.

மைனஸ் 25 டிகிரி இரவில் வாளியை மறந்து தூங்கிவிட்டால் கதை வேறு. நடுத்தண்ணீரும் உறைந்துவிடும். உறையும் நீர் கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். 10 லிட்டர் தண்ணீர் 11 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான பனிக்கட்டி ஆகும். கடைசியாக உறையும் பகுதிக்கு விரிய இடமில்லாததால் மேல்பக்கம் புடைத்து விரிசல் விடும். கண்ணாடிப் பாத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள் என்பதற்கும் காரணம் இதுவே.

அப்படி முழுக்க உறைந்த கட்டியைப் பார்த்தால் ஓரம் தெளிவாகவும் நடு வெள்ளையாகவும் இருக்கும். நம் மீன் சந்தைக்கு வரும் ஐஸ் பாரின் நடுவே ஓடும் வெள்ளைக்கோடும் அதே சமாச்சாரம்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றுக்கும் உப்புக்கும் பனிக்கட்டியின் ஒழுங்கான படிக அமைப்பில் இடம் கிடையாது. உறையும் விளிம்பு அவற்றை உள்ளே தள்ளிக்கொண்டே போகிறது. கடைசியில் ஒதுங்க இடமில்லாமல் காற்று குமிழிகளாக மாட்டிக்கொள்கிறது. ஐஸ் தொழிற்சாலைகளில் தெளிந்த பார் வேண்டுமென்றால் உறையும் தண்ணீருக்குள் காற்றை ஊதிக் கலக்குவார்கள். நடுவில் மிஞ்சும் கலங்கல் நீரை உறிஞ்சிவிட்டுப் புதுத்தண்ணீர் விடுவதும் உண்டு. பின்லாந்துப் பிள்ளைகள் நடுத்தண்ணீரைக் கொட்டும்போது செய்வதும் ஏறத்தாழ அதுதான். விளக்கு ஒளிபுகும் அழகோடு இருப்பதில் அந்தக் கொட்டலுக்குப் பங்கு உண்டு.

சின்னப் பிள்ளைகளுக்கு வாளியைவிட வளையம் பிடிக்கும். நடுவில் குழாய் வைத்த கேக் அச்சில் ரோவன் மரத்தின் செம்பழங்கள், ஸ்புரூஸ் கிளைத்துணுக்குகள், பைன் கூம்புகள் எல்லாம் போட்டுத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, துளையில் கயிறு கோத்து மரத்தில் தொங்கவிடலாம். மிதப்பவை எல்லாம் மேலே கூடிவிடும். அதனால் கொஞ்சம் தண்ணீர், உறையட்டும், பிறகு மீதி என்று தவணை முறையில் ஊற்றுவது நல்லது. வெயில் வலுக்கும் மார்ச் மாதத்தில் வளையம் முதலில் கரைவது கூம்புகளைச் சுற்றித்தான். கருநிறம் வெயிலை விழுங்கிச் சூடாகிறது.

மெழுகுவர்த்தி ஏன் விளக்கைக் கரைத்துவிடவில்லை என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். சுடரின் வெப்பநிலை ஆயிரம் டிகிரிக்கும் மேல் என்பது உண்மை. ஆனால் அதன் வெப்பத்தில் பெரும்பகுதி சூடான காற்றோடு திறந்த வாய் வழியே மேலே போய்விடுகிறது. சுவருக்குக் கிடைப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் ஒவ்வொரு கிராமையும் கரைக்க 80 கலோரி கட்டணம் கட்டவேண்டும். உறையும்போது வெளியே விட்டதைப் பனிக்கட்டி இப்போது திரும்ப வசூலிக்கிறது.

குளிர் குறைந்து பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் நாள்களில் வாளி உதவாது. அன்று பனி உருண்டைகளை வட்டமாக அடுக்கி, மேலே போகப்போகக் குறுக்கி, உள்ளே மெழுகுவர்த்தி வைப்பார்கள். மைனஸ் 15இல் பனி மாவு போல உதிரும், உருண்டை பிடிக்காது. பூஜ்யத்தருகே அழுத்தியவுடன் ஒட்டிக்கொள்ளும். ஏன்? 1850இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஒரு விடை சொன்னார்: பனிக்கட்டியின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் எப்போதும் இருக்கிறது, இரண்டு கட்டிகள் தொடும்போது நடுவில் அகப்பட்ட படலம் உறைந்து அவற்றை ஒட்டவைக்கிறது. பொறியியலாளர் ஜேம்ஸ் தாம்சன் ஒப்புக்கொள்ளவில்லை. அழுத்தத்தால் உருகி மறுபடி உறைவதுதான் காரணம் என்றார். படலம் உண்மையில் இருக்கிறது என்று 20ஆம் நூற்றாண்டின் கருவிகள் காட்டின. அது குளிரக் குளிர மெலிகிறது என்றும் தெரிந்தது. இதே ஃபாரடேதான் பத்தாண்டு கழித்து, கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களைக் கூட்டிவைத்து, ஒரே ஒரு மெழுகுவர்த்தியை முன்னிறுத்தி ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார்.

உருண்டைகளுக்கு நடுவே சந்து விடவேண்டும், சுடருக்குக் காற்று வேண்டுமே. எரியும்போது உட்பக்கம் லேசாக உருகிப் பனிக்குள் ஊறும். திரி அணைந்து இரவு குளிர்ந்ததும் அந்த ஈரம் உறைந்து உருண்டைகளைப் பிணைத்துவிடும். அதனால் முதல் நாள் கைபட்டாலே சரியும் கோபுரம் மறுநாள் கெட்டியாக நிற்கும்.