1,750-வது கச்சேரி: வாசித்தபடியே உயிர் பிரிந்தது!
பார்வை மங்கிய ஆர்கன் மேதையின் சோகக் கதை

1937-ம் ஆண்டு ஜூன் மாதம் 2-ந் தேதி. பாரிஸ் நகரில் உள்ள புகழ் பெற்ற நோத்ர தாம் தேவாலயத்தில் ஆர்கன் கச்சேரி. வாசித்தவர் லூயி வியேர்ன். அவருக்கு வயது 66. அது அவருடைய 1,750-வது கச்சேரி.

கச்சேரி முடியவில்லை. அவர் முடிந்துவிட்டார்.

அவர் கதை வருமாறு:-

பிரான்சு நாட்டில் புவாத்தியே என்ற ஊரில் 1870-ல் வியேர்ன் பிறந்தார். பிறவியிலேயே கண்ணில் புரை. சிறு வயதில் ஆபரேஷன் செய்தார்கள். பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் அளவுக்குப் பார்வை வந்தது. அவ்வளவுதான். பாரிசில் பார்வையற்றோர் பள்ளியில் படித்தார்.

ஆர்கன் என்றதும் நம்ம ஆர்மோனியப் பெட்டியை நினைத்துவிடாதீர்கள். நோத்ர தாம் ஆர்கன் ஒரு வீட்டை விடப் பெரிசு. ஆயிரக்கணக்கான குழாய்கள். கைக்கு அடுக்கடுக்காக ஐந்து கட்டை வரிசை. காலுக்குத் தனியாக மரக்கட்டைகள். கவாயே-கோல் என்ற நிபுணர் 1868-ல் அதைப் புதுப்பித்துக் கட்டினார். கிசுகிசுப்பதில் இருந்து இடி முழக்கம் வரை அதில் வரும்.

அப்படிப்பட்ட வாத்தியத்துக்குப் பொருத்தமானதுதான் ரொமான்டிக் இசை. பெயரைப் பார்த்துக் காதல் பாட்டு என்று எண்ண வேண்டாம். இலக்கணத்தைவிட உணர்ச்சிக்கு முதலிடம் கொடுத்த 19-ம் நூற்றாண்டு பாணி அது. அந்தப் பாணியின் பெரிய வாத்தியார் செசார் பிராங்க். அவரிடம் வியேர்ன் வகுப்பில் சேர்ந்த சில வாரங்களிலேயே குரு இறந்துவிட்டார். பிறகு விதோர் என்ற இன்னொரு மேதை அவரைக் கைதூக்கிவிட்டார். 1900-ல் போட்டியில் ஜெயித்து நோத்ர தாம் ஆர்கன் பதவியைப் பிடித்தார் வியேர்ன்.

கால் முறிந்தது

இனி கவலை இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்ததோ வேறு.

1906-ல் தெருவில் நடந்த விபத்தில் கால் பலமாக முறிந்தது. ஆர்கன் வாசிப்பவருக்குக் கால் என்பது இன்னொரு கை மாதிரி. கால் வாசிப்பைச் சின்னப் பையனைப் போல முதலில் இருந்து பழகினார்.

1909-ல் மனைவியுடன் விவாகரத்து. பாரிஸ் இசைக் கல்லூரியில் 17 வருஷம் உதவி ஆசிரியராக உழைத்தார். 1911-ல் பேராசிரியர் பதவி காலியானது. கொடுத்தது வேறு ஒருவருக்கு! 1913-ல் 10 வயது மகன் காசநோயில் போனான். முதல் உலகப்போரில் 1917-ல் மூத்த மகனும், 1918-ல் தம்பியும் பலி. அந்தச் சமயத்தில் அவர் சுவிட்சர்லாந்தில் கண் சிகிச்சையில் இருந்தார். மிச்சம் இருந்த பார்வையையாவது காப்பாற்ற வேண்டுமே!

ஆனாலும் எழுதுவதை விடவில்லை. ஆர்கனுக்கு மட்டும் ஆறு சிம்பொனி எழுதினார். வாத்தியக் கோஷ்டியே கிடையாது. ஒரே ஆள், ஒரே ஆர்கன். லண்டன் பிக்பென் மணி ஓசையை வைத்து அவர் எழுதிய உருப்படி இன்றும் கச்சேரிகளில் தூள் கிளப்புகிறது.

தேவாலய ஆர்கனோ பழுதாகிக் கிடந்தது. அதைச் சரி செய்யப் பணம் வேண்டும். 1927-ல் அமெரிக்கா போய் ஊர் ஊராக வாசித்தார், அந்த நிதிக்காக. தனக்கே வசதி இல்லாத மனுஷன்! 1932-ல் ஆர்கன் புதுப்பொலிவு பெற்றது.

கடைசி வாசிப்பு

அந்தக் கடைசி நாளில் பக்கத்தில் துணைக்கு நின்றவர் சீடர் துருப்ளே. வியேர்ன் தன் சொந்தப் படைப்பு ஒன்றை வாசித்தார். அதன் கடைசிப் பகுதிக்குப் பெயர், 'இறந்த குழந்தைக்கு ஒரு நினைவுக்கல்'. வேறொரு குழந்தைக்காக எழுதியதுதான். ஆனால் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன் அல்லவா வாசித்தது?

அடுத்து, கொடுக்கும் மெட்டை வைத்து அங்கேயே கற்பனையாக வாசிக்க வேண்டும். மெட்டு பிரெய்லி எழுத்தில் வந்தது. விரலால் தடவிப் படித்தார். ஸ்டாப்புகளைத் தேர்ந்தெடுத்தார். கீழே ரசிகர்கள் காத்திருந்தார்கள்.

திடீரென்று முன்பக்கமாகச் சாய்ந்தார். கால், கட்டை மேல் விழுந்தது. ஒரே ஒரு கீழ்ச் சுரம். அது மட்டும் தேவாலயம் முழுக்க ஒலித்துக்கொண்டே இருந்தது.

நோத்ர தாம் ஆர்கன் முன்னாலேயே சாக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசையாம்.

2019 ஏப்ரலில் தேவாலயத்தில் பெரும் தீ. கூரை போயிற்று. ஆர்கன் எரியாமல் தப்பியது. உள்ளே எல்லாம் ஒரே தூசி. சுமார் 8 ஆயிரம் குழாய்களையும் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். 2024 டிசம்பர் 7-ந் தேதி அது மறுபடி ஒலித்தது.