கடலோரச் சிற்றூரின் கதையை எழுதியவர்

அரசர் ஆண்ட நகரங்களுக்கு வரலாற்று நூல்கள் பல உண்டு. மீன் உலர்த்தியும் தேங்காய் விற்றும் பிழைத்த சிற்றூருக்கு வரலாறு எழுதுவார் யார்? எழுதினார் ஒருவர். அவர் பெயர் தோப்பில் முகம்மது மீரான்.

தமிழகத்தின் தென்கோடியில், குமரி மாவட்டத்தில், குழித்துறை ஆறு அரபிக் கடலோடு கலக்குமிடத்தில் உள்ளது தேங்காய்ப்பட்டணம். அங்கு 1944ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் தமிழ் மாநிலத்தோடு இணைந்தது. ஆகவே அவர் பள்ளியில் கற்றது மலையாளம். வீட்டிலும் தெருவிலும் பேசியதோ தமிழ். பேசத் தெரிந்த மொழியை எழுதத் தெரியாத நிலை!

அதற்காக அவர் எழுதாமல் இருந்துவிடவில்லை. தமிழ்ச் சொற்களை மலையாள எழுத்துகளால் எழுதினார். பிறர் அவற்றைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதினர். முதலாம் ஆண்டிலேயே அகரம் எழுதப் பழகும் நம் மாணவச் செல்வங்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். பிழைப்புக்கு அவர் செய்தது மிளகாய் வற்றல் வாணிகம், வாழ்ந்தது திருநெல்வேலியில். ஆயினும் அவர் எழுத்து பிறந்த ஊரையே சுற்றி வந்தது. தந்தையாரும் ஊர்ப் பெரியோரும் சொல்லக் கேட்ட செய்திகளே அவருக்கு ஏடுகளாயின.

1988இல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நூலாக வெளிவந்தது. செல்வர் ஒருவருக்கு ஊரே அஞ்சி நடுங்கியதையும், ஆங்கிலப் பள்ளி வருவதை ஊரார் எதிர்த்ததையும் அதில் அவர் மறைக்காமல் எழுதினார். சொந்த ஊரை எழுதுவோர் பெரும்பாலும் பெருமையை மட்டுமே எழுதுவர். இவர் அவ்வாறு செய்யாததே நம் மதிப்புக்குரியது. பின்னர் வந்த 'துறைமுகம்', கருவாட்டைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு உரிய விலை கிடைக்காமல் ஏமாந்த சிறு வணிகரின் கதை. பால் நிறுக்குமிடத்தில் வரிசையாய் நின்று பழகிய நம் தோட்ட மக்களுக்கு அத்துயரை விளக்க வேண்டியதில்லை.

பழம்பெருமை பேசிச் சாய்ந்திருந்தே வீட்டுப் பொருள்களை விற்றுத் தின்ற ஒருவனைப் பற்றிய 'சாய்வு நாற்காலி'க்கு 1997இல் சாகித்திய அகாதமி விருது கிட்டியது. 2019 மே 10ஆம் நாள் அவர் மறைந்தார்.

நம் பாட்டன்மாருள் பலர் நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறி வந்தவர்கள். அவர்கள் உழைத்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெரட்டுக் களம் எங்கிருந்தது, எந்த லயத்தில் யார் குடியிருந்தார் என்பதைச் சொல்ல வல்ல முதியோர் சிலரே எஞ்சியுள்ளனர். நம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் அவர்களைக் கண்டு கேட்டு எழுதத் தொடங்கியுள்ளார்கள். முதற் குறிப்பேட்டில் இதுவரை பதினேழு பக்கங்கள் நிரம்பியுள்ளன.