9 மாதச் சம்பளம், 12 மாத வாடகை!

வருஷத்துக்கு எத்தனை சம்பளம் வாங்குகிறீர்கள்? 'இதென்ன கேள்வி, 12தான்' என்பீர்கள். போனஸையும் சேர்த்துக்கொள்கிற பாக்கியசாலிகள் 13 என்பார்கள். ஸ்பெயின்காரரைக் கேளுங்கள், 14 என்பார். விளையாட்டில்லை சார். அங்கே சட்டப்படியே வருஷத்துக்கு இரண்டு சம்பளம் கூடுதல். வழக்கமாகக் கோடைக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று. (சில முதலாளிகள் அதையே 12 மாதத்துக்கும் பிய்த்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கேயும் முதலாளி முதலாளிதான்!)

அதே ஸ்பெயினில் 9 மாதச் சம்பளத்தை வைத்துக்கொண்டு வருஷம் பூரா ஓட்டுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. இங்கிலீஷ் வாத்தியார்கள்!

2023 ஜூன் பாதியில் மாட்ரிட் போய் மூன்று வாரம் தங்கினேன். சித்தப்பா பையன் அங்கே சாஃப்ட்வேரில் இருக்கிறான். லவாபியேஸ் என்கிற பேட்டையில் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இரண்டு ரூம். ஒன்றில் இவன், இன்னொன்றில் அயர்லாந்துக்கார வாத்தியார் ஒருவர். ஹால் சோபாவில் நான். வாத்தியாருக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். நாலு வாரத்தில் முடிக்கக்கூடிய 'செல்ட்டா' என்ற கேம்பிரிட்ஜ் சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு 2021 செப்டம்பரில் வந்து இறங்கியவர். ஸ்பெயினில் தெருவுக்குத் தெரு 'அகாதெமியா' என்று இங்கிலீஷ் டியூஷன் சென்டர் உண்டு. அதில் ஒன்றில் வேலை.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்காரனுக்கு வெயிலா என்று மார்தட்டிக்கொண்டு போனவன் நான். மாட்ரிட் வெயில் வேறு ரகம். வியர்க்காது. கடலை வறுக்கிற மாதிரி சத்தமில்லாமல் வறுக்கும். கடல் பக்கத்தில் இல்லை, ஊர் சுமார் 650 மீட்டர் உயரத்தில் ஒரு பீடபூமியில் இருக்கிறது. ஜூலையில் 40ஐத் தொட்டுவிட்டு வரும். 'ஒன்பது மாதம் இன்வியர்னோ, மூன்று மாதம் இன்ஃபியர்னோ' என்று ஊரிலேயே பழமொழி இருக்கிறது. முன்னது குளிர்காலம், பின்னது நரகம்!

போதாக்குறைக்கு ராத்திரி ஒன்பதரை மணிக்கும் சூரியன் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. நியாயமாக லண்டன் நேரத்தில் இருக்க வேண்டிய ஊர். 1940இல் பிராங்கோ ஆட்சியில் கடிகாரத்தை ஜெர்மனி நேரத்துக்கு ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அப்புறம் திருப்பி வைக்கவே இல்லை. பழைய கட்டடங்களில் ஏ.சி. கிடையாது. பகலெல்லாம் ஜன்னலில் 'பெர்சியானா' என்கிற சுருட்டுப் பலகையை இறக்கி விட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நானும் சித்தப்பா பையனும் வாத்தியாரும் அப்படி உட்கார்ந்து பேசியதில் கிடைத்த விவரங்கள்தான் இவை.

வெயிலுக்கும் வாத்தியார் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்? நேரடி சம்பந்தம். ஜூன் பாதி வந்ததும் ஏராளமான ஆபீஸ்களில் 'ஹொர்னாதா இன்டென்சிவா' ஆரம்பமாகிவிடும். காலை 8 மணிக்கு வந்து, நடுவில் சாப்பாட்டு இடைவேளை இல்லாமல், மத்தியானம் 3 மணிக்கு நடையைக் கட்டலாம். (மேனேஜர் கண்ணில் படுகிற இடத்தில் இந்தப் பக்கத்தை ஒட்டி வையுங்கள்.) மற்ற மாதங்களில் வாத்தியார் கம்பெனி கம்பெனியாகப் போய் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிளாஸ் எடுப்பார். அந்த நேரமே இல்லாமல் போனால்? 3 மணிக்கு விடுதலையான மனுஷன் நீச்சல் குளத்துக்குப் போவானா, இறந்தகால வினைச்சொல் படிப்பானா?

ஜூன் 20 வாக்கில் பள்ளிக்கூடங்களும் மூடிவிடும். குழந்தைகள் பாட்டி ஊருக்கோ கடற்கரைக்கோ கிளம்பிவிடும். ஒரு காலத்தில் கோட் அடித்த மாணவர்கள் வாத்தியார்களைக் காப்பாற்றி வந்தார்கள். ஜூனில் இங்கிலீஷில் கோட் அடித்தவன் செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். அப்பா அம்மா பதறியடித்து ஜூலை, ஆகஸ்டில் டியூஷன் வைப்பார்கள். பல மாநிலங்களில் அந்த மறு பரீட்சையை ஜூனுக்கே மாற்றிவிட்டார்கள். பையன்கள் நிம்மதியாக விளையாடுகிறார்கள். வாத்தியார்கள் பிழைப்பில் மண்!

"ஜூன்ல எல்லாரும் என்கிட்ட ஒரே வார்த்தைதான் சொல்வாங்க. செப்டம்பர்ல பாப்போம்னு. என் வீட்டு ஓனர் மட்டும் சொன்னதே இல்லை" என்றார் வாத்தியார்.

இங்கே என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. கையில் மாதம் 1,200 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதால் பெருக்கினால் 10,800. பன்னிரண்டால் வகுத்தால் 900. ஆக அவர் 1,200 யூரோக்காரர் இல்லை, 900 யூரோக்காரர். ஆனால் அக்டோபரில் யாரும் அப்படி நினைத்துச் செலவு செய்வதில்லை. நாம் மட்டும் தீபாவளி போனஸை ஏப்ரல் ஸ்கூல் ஃபீஸை நினைத்தா செலவு பண்ணுகிறோம்?

சரி, ஸ்பெயினில் வேலையில்லாதவருக்கு அரசாங்கம் பணம் கொடுக்குமே? கொடுக்கும். 'பாரோ' என்று பேர். நம்மூர் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் மாதிரி பதிந்துவிட்டுப் பேத்தி கல்யாணம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கடைசி ஆறு வருஷத்தில் 360 நாள் சந்தா கட்டியிருந்தால் 120 நாளைக்குப் பணம். 540 நாள் கட்டியிருந்தால் 180 நாள். சந்தாக் கணக்கில் காட்டிய சம்பளத்தில் முதல் ஆறு மாதத்துக்கு 70 சதவீதம். உச்சவரம்பு, கீழ்வரம்பு என்று இருந்தாலும், 1,300 யூரோ காட்டியிருந்தால் 910 வரும். பேஷ்!

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒன்பது மாதம் என்பது சுமார் 270 நாள். எந்த வாத்தியாருக்கும் முதல் கோடையில் 360 தேறாது! நிபந்தனைகளோடு ஒரு சின்ன உதவித்தொகை வேண்டுமானால் உண்டு. அந்த 70 சதவீதம் கிடையாது. முதல் கோடையில்தான் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுகிறார்கள். இரண்டாவது கோடையைப் பார்த்தவன்தான் வாத்தியாராக மிஞ்சுகிறான்.

நம்மவர் 2022இல் தன் முதல் கோடைக்கு அயர்லாந்து போனார். அதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம்.

ஸ்பெயின் நாட்டுப் பெற்றோர் கோடையில் பிள்ளைகளை இங்கிலீஷ் கற்றுக்கொள்ள எங்கே அனுப்புகிறார்கள் தெரியுமா? அயர்லாந்துக்கு! முன்பு இங்கிலாந்துக்கும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 'பிரெக்ஸிட்' வந்தது. 2021 அக்டோபர் 1 முதல் ஐரோப்பியர்கள் வெறும் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே வர முடியாது, பாஸ்போர்ட் வேண்டும் என்று இங்கிலாந்து சொல்லிவிட்டது. அயர்லாந்தில் அட்டையே போதும். ஆகவே மாட்ரிட் பையன் டப்ளினுக்குப் பறக்கிறான். அவனுக்குப் பாடம் சொல்ல வாத்தியாரும் மாட்ரிட்டிலிருந்து டப்ளினுக்குப் பறக்கிறார். இரண்டு பேரும் லவாபியேஸிலேயே உட்கார்ந்து படித்திருக்கலாம், விமான டிக்கெட் மிச்சம்!

ஒரு வித்தியாசம், டப்ளினில் ஜூலையில் 20 டிகிரியைத் தொடுவதே பெரிய விஷயம். பையன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மழையில் நனைகிறான். அதற்கும் சேர்த்துத்தான் ஃபீஸ்.

சரி, வாத்தியார் சொந்த ஊர் போனாரா, அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு வேலை பார்த்தால் வாடகை மிச்சம் என்று கணக்குப் போட்டிருந்தார். வீட்டுக்குப் போனால் அவர் ரூமில் இரண்டு ஸ்பானிஷ் பையன்கள்! அம்மா வாடகைக்கு விட்டுவிட்டார். அயர்லாந்தில் சொந்த வீட்டில் ரூமை வாடகைக்கு விட்டு வருஷத்துக்கு 14,000 யூரோ வரை சம்பாதித்தால் வருமான வரியே கிடையாது. மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டு வாங்குகிற பணமும் அதில் அடக்கம். (14,000ஐ ஒரு யூரோ தாண்டினாலும் முழுத் தொகைக்கும் வரி. அம்மா மிகச் சரியாகக் கணக்கு வைத்திருந்தாராம்.)

"அப்புறம் எங்கேதான் படுத்தீங்க?" என்று கேட்டேன்.

"ஹால் சோபால. இப்ப நீ படுக்கிற மாதிரியேதான். அம்மா ரொம்ப நல்லவங்க. அந்தப் பசங்களுக்குக் கொடுத்த சாப்பாட்டையே எனக்கும் கொடுத்தாங்க."

அவருக்காவது போக ஒரு இடம் இருந்தது. அயர்லாந்து பாஸ்போர்ட் என்பது இந்தத் தொழிலில் ஜோக்கர் சீட்டு. ஐரோப்பிய யூனியனில் எங்கும் வேலை பார்க்கலாம், இங்கிலாந்திலும் பார்க்கலாம். இங்கிலாந்துக்காரருக்கு 2021இலிருந்து ஸ்பெயினில் அந்த உரிமை இல்லை. இங்கிலீஷ்காரன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க பெர்மிட் கேட்டு நிற்கிறான்! அமெரிக்கர்கள் பெரும்பாலும் அரசாங்கப் பள்ளிகளில் உதவி ஆசிரியர் திட்டத்தில் வருகிறார்கள். அக்டோபரில் ஆரம்பித்து மே அல்லது ஜூனில் உதவித்தொகை நின்றுவிடும். கோடைக்கு அவரவர் பாடு.

'நம்ம பையன் கான்வென்ட் இங்கிலீஷ் பேசுவானே, அவன் போகலாமா?' என்று கேட்கிற அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து ஆள் எடுக்க, பொதுவாக உள்ளூரில் அந்த வேலைக்கு ஆள் இல்லை என்று காட்ட வேண்டும். வாத்தியார்கள் சோபாவில் படுத்திருக்கிற ஊரில் அதைக் காட்டுவது சிரமம்.

நான் போனபோது நம்மவருக்கு இரண்டாவது கோடை. 540 நாள் தேறிவிட்டது. முதல் முறையாகப் பாரோ வாங்கலாம். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஏன் என்று மெதுவாகத்தான் சொன்னார். பாரோ வாங்கும்போது தகவல் கொடுக்காமல் வெளிநாடு போகக்கூடாது. அப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. திடீரென்று போன் வந்தால் கிளம்ப வேண்டும். அதோடு, வாங்கித் தீர்த்த நாட்கள் தீர்ந்தவைதான். மறுபடி சந்தா கட்டித்தான் சேர்க்க வேண்டும். இந்த வருஷம் தின்றால் அடுத்த வருஷத்துக்கு?

2021 டிசம்பரில் வந்த தொழிலாளர் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் அகாதெமிகள் பலரை 'நிரந்தர-விட்டுவிட்டு' என்கிற வகையில் எடுக்கின்றன. (பெயர் என் கற்பனையில்லை, ஸ்பானிஷில் அப்படியேதான்!) ஜூனில் அனுப்பிவிடுவார்கள், செப்டம்பரில் திரும்பக் கூப்பிட வேண்டும். கூப்பிட வேண்டும் என்பது சட்டம். எத்தனை மாணவர்கள் சேர்வார்கள் என்பது சட்டத்தில் இல்லை.

கடைசியில் ஜூலைக்கு ஒரு முகாமைப் பிடித்தார். வடக்கே கான்டாப்ரியாவில் மலையடிவாரத்தில் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் கேம்ப். சாப்பாடு, தங்குமிடம் இலவசம். பாலியல் குற்றப் பதிவு எதுவும் இல்லை என்று அரசாங்க சர்டிஃபிகேட் கொடுத்தால்தான் குழந்தைகளிடம் விடுவார்கள். நல்ல சட்டம். காலையில் கிளாஸ், மத்தியானம் விளையாட்டு, ராத்திரி டான்ஸ், நடுராத்திரி 'அம்மாகிட்ட போகணும்' என்று அழுகிற எட்டு வயசுக்காரனுக்குச் சமாதானம். மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்துவிடாதே என்று என்னிடம் முன்கூட்டியே சொன்னார். வகுத்துப் பார்த்தேன். சொல்லமாட்டேன்.

போன பிறகு ஒரு போட்டோ அனுப்பினார். பச்சைப்பசேலென்று மலை, சாரல், ஸ்வெட்டர்! மாட்ரிட்டில் நாங்கள் பெர்சியானாவை இறக்கிவிட்டு வெந்துகொண்டிருக்கிறோம். ஒரே நாடு, பஸ்ஸில் அரை நாள் தூரம். வடகடல் ஈரக்காற்று மலையில் முட்டி மழையை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது, இந்தப் பக்கம் வெறுங்காற்றுதான் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை கேரளாவுக்கும் நமக்கும் செய்கிற அதே ஓரவஞ்சனை.

ஜூலை முதல் வாரத்தோடு நான் ஊர் திரும்பிவிட்டேன். மற்றதெல்லாம் சித்தப்பா பையன் சொன்னது. ஆகஸ்டில் தெருவில் பாதிக் கடைகளில் 'விடுமுறை' போர்டு. வாத்தியார் திரும்பி வந்து பாரோவுக்கு எழுதிப்போட்டார். வேலை முடிந்து 15 வேலை நாளுக்குள் எழுதிப்போட வேண்டும், 11ஆம் நாள் போட்டார். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் இரண்டு பேரும் பால்கனியில் நிற்பார்களாம்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் அகாதெமியிலிருந்து மெசேஜ் வந்தது. வாரத்துக்கு 22 மணி நேரம். போன வருஷத்தைவிட 3 குறைவு.

"என்ன சொன்னார்டா?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லலை அண்ணா. கால்குலேட்டரை எடுத்துட்டு ரூமுக்குள்ள போயிட்டார்."